என் மகளுக்கு வைக்காத பெயர்

என் மகளுக்கு ஸ்காட்லாந்துப் பெயர் வைக்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது என் கணவர்தான். பிள்ளை பிறந்த மறுநாள் காலை, அமீரகத்தில் நாங்கள் இருக்கும் அல் ஐன் ஊர் ஆஸ்பத்திரியில், எதிர் பிளாட்காரி கொடுத்தனுப்பிய ரசம் சாதத்தை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெயரைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஸ்காட்லாந்தில், அபர்டீனில், ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தவர். "அங்க ஒரு தீவு இருக்கு. அதோட பேரு. பொண்ணுங்களுக்கும் வைப்பாங்க" என்றார். சின்னப் பெயர், சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தத் தீவின் படத்தோடு போட்டேன். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது அவர் இல்லை, நான்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். பின் சீட்டில் பிள்ளையும் நானும். மஸ்கட்டில், ரூவியில் இருக்கும் அவருடைய சிநேகிதர் பெயரைக் கேள்விப்பட்டுப் போன் செய்தார். அபர்டீனில் இவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர். போன் கார் ஸ்பீக்கரில் இணைந்திருந்தது.

"மச்சான், வாழ்த்துகள்டா. கடைசில அவ பேரையே வெச்சிட்டியா? வீட்ல தெரியுமா?"

என் கணவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தார். ஸ்பீக்கரை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"வீடு பின் சீட்லதாண்ணே இருக்கு. இப்பத்தான் தெரியுது" என்றேன் நான்.

"சிஸ்டர்..." என்று இழுத்தார் அவர். பிறகு டவர் கிடைக்காதவர் மாதிரி ரெண்டு தடவை ஹலோ, ஹலோ என்றுவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைப் படுக்க வைத்தேன். அதன்பிறகு அவரை விடவில்லை. யார் அவள்? கூட வேலை பார்த்தவள். கூட வேலை பார்த்தவர்கள் பெயரையெல்லாம் பிள்ளைக்கு வைப்பதென்றால் உங்கள் மேனேஜர் பெயரை வைக்கலாமே? தீவு என்றது பொய்யா? பொய் இல்லை, தீவும் இருக்கிறது, அவள் ஊரே அதுதான். போயிருக்கிறீர்களா? ஒரு தடவை. கப்பலில். மழையில்.

அந்த 'மழையில்' என்ற வார்த்தையைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. இந்த மனுஷன் இங்கே பக்கத்திலிருக்கும் ஜெபல் ஹஃபீத் மலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னால், வெயில், கூட்டம், பார்க்கிங் இல்லை என்று நூறு நொட்டை சொல்வார். அங்கே மட்டும் மழையில் கப்பலேறித் தீவுக்குப் போயிருக்கிறார். எனக்கு வாய்த்தவர் ஏசிக்கு அடியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பவர். மழையில் நனைந்தவரை அவள் வைத்துக்கொண்டாள்.

இதுகூடப் பரவாயில்லை. இன்னொன்றுதான் என்னைத் தின்றது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஏது? பாஸ்போர்ட்டில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் வரும். என் பாஸ்போர்ட்டில் இன்னும் என் அப்பா பெயர்தான் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றுவதற்குச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். ஆக, என் பெயரும் அவர் பெயரும் சேர்ந்தாற்போல் எந்த அட்டையிலும் கிடையாது. அந்தப் பெயரை மகளுக்கு வைத்தால், அவள் பெயர் முன்னால், என் புருஷன் பெயர் பின்னால் என்று அச்சாகி வரும். அவரைக் கட்டிக்கொண்டிருந்தால் அவள் பெயர் எப்படி இருந்திருக்குமோ, அப்படியே. அதை நான் பெற்று, பால் கொடுத்து, ஸ்கூல் பையில் லேபிளாக வேறு ஒட்ட வேண்டும்.

"செத்தாலும் வைக்க மாட்டேன்" என்றேன்.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். ஒரு சண்டை போட்டிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். அந்தச் 'சரி' ரொம்பப் பழக்கப்பட்ட 'சரி'யாக இருந்தது.

தமிழ்ப் பெயராக ஒன்றை வைத்துத் தலைமுழுகியிருக்கலாம். மாமியார்கூட அதைத்தான் சொன்னார். ஆனால் ஸ்காட்லாந்தே வேண்டாம் என்று நான் ஒதுங்கினால் அவளுக்குப் பயந்த மாதிரி ஆகிவிடாதா? ஆபீஸ் குரூப்பில் வேறு பீற்றிக்கொண்டாயிற்று. ஸ்காட்லாந்துப் பெயரே வைப்பேன், ஆனால் இவருக்குத் தெரிந்த எவளுடைய பெயரும் அது இல்லை என்று பார்த்து வைப்பேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, போனில் தேடித் தேடி ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"ஃபியோனா?"

"எச்ஆர்ல ஒருத்தங்க இருந்தாங்க."

"கிர்ஸ்டி?"

"கீழ் வீட்டு பேக்கரியம்மா. அறுபது வயசு இருக்கும்."

"வயசை நான் கேக்கல. ஹேதர்?"

"பல் டாக்டர்."

"மோராக்?"

"ஹவுஸ் ஓனர் வளத்த பூனை."

அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளையையும் பாக்கி விடாமல் இவருக்குத் தெரிந்திருந்தது. பூனையின் பெயருக்குக்கூட ஒரு நிமிஷம் மனசு இடம் கொடுத்தது. கடைசியில் ஒரு பெயரைச் சொன்னபோது யோசித்துப் பார்த்து, "இல்ல, இந்தப் பேர்ல யாரையும் தெரியாது" என்றார். அதுதான் இன்றைக்கு என் மகளின் பெயர். அழகான பெயர். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பெயர் சூட்டுவதற்கு அவருடைய தங்கை, என் நாத்தனார், திருச்சியிலிருந்து விசிட் விசாவில் வந்தாள். எங்கள் வழக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் சொல்ல வேண்டியது அத்தைதான். வெற்றிலையைக் குவித்துப் பிள்ளையின் வலது காதில் வைத்து, மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் சபைக்குச் சொல்வது. நல்ல பெண். வந்த நாளிலிருந்து என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. விசேஷத்துக்கு முந்தின நாள் வடைக்கு அரைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன் அண்ணி, முதல்ல சொன்ன பேரையே வெச்சிருக்கலாம்ல? அண்ணனுக்கு அவ்ளோ ஆசை."

"அவ பேரை என் புள்ளைக்கு எதுக்கு?" என்றேன்.

நான் 'அவ' என்றதும், எனக்கு எல்லாமே தெரியும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். "நீங்க சொல்றதும் சரிதான். ஆனா அண்ணன் பாவம் அண்ணி. அந்தப் பொண்ணைக் கட்டிக்கிறேன்னு அப்பாகிட்ட வந்து நின்னுச்சு. வெள்ளைக்காரி மருமகளா வந்தா உன் தங்கச்சியை எவன் கட்டுவான்னு அப்பா ஒரே பிடியா நின்னுட்டாரு. எனக்கு அப்பதான் மாப்பிள்ளை பாத்துட்டிருந்தாங்க. எனக்காகத்தான் விட்டுச்சு. மாடியில போய் உக்காந்து அப்படி அழுதுச்சு. நான்தான் சோறு எடுத்துட்டுப் போனேன்."

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் தேங்காய்த் துருவலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதோ கூட வேலை பார்த்தவள், கப்பல், மழை என்று நினைத்திருந்தேன். கட்டிக்கொள்கிறேன் என்று அப்பா முன்னால் நின்றிருக்கிறார். அழுதிருக்கிறார். தன் அப்பா செத்தபோதுகூட என் எதிரில் இவர் அழுததில்லை. எனக்காக யார் முன்னாலும் போய் நிற்க வேண்டிய அவசியமும் இவருக்கு வரவில்லை. ஜாதகம் பொருந்தியது, வந்து பார்த்தார், கேசரி சாப்பிட்டார், முடிந்தது. அந்த வெள்ளைக்காரி மேல் எனக்கு வந்த பொறாமையை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. பாவம் பார்த்துப் பெயரை விட்டுக்கொடுப்பேன் என்று என் நாத்தனார் எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் விடவில்லை. "நாளைக்கு நான் சொன்ன பேரைத்தான் சொல்லணும்" என்றேன். தலையாட்டினாள்.

மறுநாள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். மடியில் பிள்ளை. பக்கத்து பிளாட்காரர்கள், என் ஆபீஸ் ஆட்கள் சிலர். என் கணவர் பட்டுவேட்டியோடு எதிரே நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் குனிந்து, வெற்றிலையைப் பிள்ளையின் காதில் வைத்தாள். அவள் தலை என் நெஞ்சில் இடித்தது. அவ்வளவு பக்கம்.

ஒரு முறை சொன்னாள். நான் வைத்த பெயர். இரண்டாம் முறையும் அதே.

மூன்றாம் முறை, அந்தப் பெயர்.

காற்றளவுக்குத்தான் சொன்னாள். பிள்ளைக்கும் எனக்கும் தவிர யாருக்கும் கேட்டிருக்க முடியாது. நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், எனக்குக் கேட்டுவிட்டது என்று புரிந்துகொண்டாள். பயந்துபோனாள். நான் கத்தியிருக்கலாம். மறுபடி முதலிலிருந்து சொல் என்று உட்கார வைத்திருக்கலாம். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் எழுந்து நான் வைத்த பெயரைச் சபைக்குச் சத்தமாகச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். என் கணவரும் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தொடையில் தட்டினார். சிரித்தார். அந்தச் 'சரி' மாதிரியான சிரிப்பு.

நாத்தனார் ஊருக்குப் போய்விட்டாள். அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி எனக்குப் புடவை மட்டும் அனுப்புகிறாள், என் கலர் பார்த்து.

போன குளிர்காலத்தில் அல் ஐனில் நல்ல மழை. இங்கே மழை பெய்தால் ஆபீஸில்கூட எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நின்று நனைந்துகொண்டிருந்தார். கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி. நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். எனக்குக் கிடைக்காத அந்த ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வலது காது அவர் கன்னத்தில் ஒட்டியிருக்க, சிரித்தாள்.

அந்தப் பெயர் இவள் காதில்தான் இருக்கிறது, உங்கள் தங்கை போட்டுவிட்டுப் போனாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனுஷன் அங்கேயே அழுதிருப்பார். என் முன்னால் அழுதிருப்பார். ஆனால் அழுவது அவளுக்காக அல்லவா?

வாய்வரை வந்ததை விழுங்கினேன். இவர் நான் எழுதுவதைப் படிப்பவர் இல்லை. மகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அந்தப் பெயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

"நனைஞ்சது போதும், புள்ளைக்குச் சளி பிடிக்கும், மேல வாங்க" என்று கூப்பிட்டேன்.

"சரி" என்றார்.