மாமன் மடிக்கு வந்த மெக்னெட்டோ

என் இடது காதுத் துளை கோணலாக இருப்பதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். கடுக்கன் போடாத காதுக்குக் கோணல் எதற்கு என்று சின்னவள் கேட்டாள். அது தட்டார் செய்த பிழை இல்லை பிள்ளைகளே. இந்தியாவிலிருந்து வந்த ஓர் இரும்புச் சாமான் செய்த வேலை.

இலங்கையில் நிவித்திகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால், தகரச் சாய்ப்பின் கீழ், ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. வெள்ளைக்காரத் துரை காலத்து வண்டி. அதை அப்பாவும், அம்மாவின் அண்ணனான என் மாமாவும் சேர்ந்து வாங்கினார்களாம். நான் பிறப்பதற்கு முன்பே மாமா குடும்பத்துக்கு தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் பட்டியலில் பேர் வந்துவிட்டது. வண்டியை விற்றுப் பிரித்துக்கொள்வோம் என்றார் மாமா. விற்க முடியாது என்றார் அப்பா. பேச்சு முற்றிப்போய், கப்பலுக்குப் புறப்படும் காலையில் மாமா ஸ்பேனரை எடுத்து வண்டியின் மெக்னெட்டோவைக் கழற்றித் தன் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மெக்னெட்டோ என்பது தேங்காய் அளவில் ஒரு சாமான். அது சுற்றினால்தான் எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி விழும். பொறி விழாவிட்டால் டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றினாலும் வண்டி அசையாது. அப்பா இரத்தினபுரி முழுக்கத் தேடினார். கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்கினார். "இந்த வண்டிக்கா? மியூசியத்துல கேட்டுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இது அப்பாவின் கவலை. என் கவலை வேறு. எனக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. எங்கள் ஆட்களில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும். மாமாவோ கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். பாஸ்போர்ட், விசா, இங்கே சண்டைக் காலம் என்று அவர் வருவது தள்ளிக்கொண்டே போனது. லயத்துப் பையன்கள் என்னை "மூளிக்காதா" என்று கூப்பிட்டார்கள்.

"எங்க மாமன் வருவாரு" என்பேன்.

"ஒங்க மாமன் ஏறுன கப்பல்லயே தூங்கிட்டாரு போடா!"

அந்த வருசம் மாரியம்மன் திருவிழாவுக்கும் குத்தாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா அப்போது வேறு ஒரு காரியத்தில் இறங்கியிருந்தார். எஞ்சினைப் பிரித்து, தேய்ந்துபோன சிலிண்டரையும் பிஸ்டனையும் சாக்கில் சுற்றி, அவற்றைப் புதுப்பித்து வாங்க மாமாவுக்கே அனுப்பப் போவதாகச் சொன்னார். அம்மா அரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

"என்னாங்க, பேசாத மனுசனுக்கு யாராவது பிஸ்டன் அனுப்புவாங்களா?"

"பேச மாட்டேன்னுதான் சொன்னேன். வேல குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? இந்தச் சிலிண்டரக் கடையிறதுக்கு அந்த ஆளு கைதான் சரி."

நிவித்திகலை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி, சேலை எடுக்க அடிக்கடி இந்தியாவுக்குப் போய்வருவார். அவர் கொண்டுபோகச் சம்மதித்தார். வீட்டை விட்டுத் தூரம் போகிற எதற்கும் பொட்டு வைத்து அனுப்புவது அம்மாவின் வழக்கம். சிலிண்டருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். ஏர்போர்ட்டில் அதை எடுத்து வைத்துக்கொண்டு "மே மொகத்த?", இது என்ன என்று கேட்டார்களாம். சண்டைக் காலத்தில் தமிழர் பையில் இரும்பு இருந்தால் சும்மா விடுவார்களா? முதலாளிக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. நல்லவேளை, வந்து பார்த்த பெரிய ஐயாவின் வீட்டிலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்ததாம். அவர் குங்குமத்தில் படாமல் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, தேய்மானம் அதிகம், ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் புத்தி சொல்லி அனுப்பினாராம்.

அடுத்த தடவை முதலாளி திரும்பி வந்தபோது, சிலிண்டரின் உட்புறம் கண்ணாடி போலக் கடைந்து வந்திருந்தது. எண்ணெய்த் தாளில் சுற்றிய புதுப் பிஸ்டனும் இருந்தது. அப்பா சிலிண்டருக்குள் ஒற்றைக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒரு வாஷர்கூட விழவில்லை.

"வாயத் தொறந்து கேட்டா மத்ததும் வருமாம். ஒங்க மச்சான் சொல்லச் சொன்னாரு" என்றார் முதலாளி.

"கழட்டுனவன் தானா அனுப்பணும். நான் கேக்க மாட்டேன்."

"நல்ல மச்சான், நல்ல மாப்பிள்ள. நடுவுல நான் இரும்பு தூக்கிச் சாவுறேன்" என்று சொல்லிக்கொண்டே முதலாளி படியிறங்கிப் போனார்.

அந்த வாரம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார். கம்யூனிகேஷன் கடையிலிருந்து மாமாவின் பட்டறைக்குப் போன் எடுத்தார். மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"அண்ணே, புள்ளைக்குக் காது குத்தணும். ஊர்ப் புள்ளைக கேலி பண்ணுது. ஒன்னால வர முடியாதுன்னு தெரியும். ஒன் மடிக்குப் பதிலா ஏதாவது ஒன்னு அனுப்புண்ணே. கடையில வாங்குறது வேணாம். ஒன்கூடவே கெடந்த சாமானா இருக்கணும்."

அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை. பிறகு அம்மா "சரிண்ணே" என்று சொல்லிப் போனை வைத்தார்.

திருவிழாவுக்கு முன்பே பார்சல் வந்துவிட்டது. எனக்குப் பட்டுச் சட்டை, ஒரு சோடி தங்கக் கடுக்கன், மாமா கட்டிப் பழகிய ஒரு வேட்டி. வேட்டிக்குள் ஏதோ கனத்தது. அம்மா பிரித்தார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சாய்ப்புப் பக்கம் போய்விட்டார். மாமா அந்த மெக்னெட்டோவுக்குப் புதுச் சுருள் சுற்றி, பித்தளையெல்லாம் துலக்கி அனுப்பியிருந்தார்.

கோவிலில் மொட்டை போட்டு, பட்டுச் சட்டையோடு பலகைக்கு வந்தேன். "மாமன் எங்க?" என்று பூசாரி கேட்டார். அம்மா பலகையில் வேட்டியை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்து, சந்தனப் பொட்டு வைத்த மெக்னெட்டோவை என் மடியில் வைத்தார். "இந்தாங்க சாமி, மாமன்." கூட்டம் சிரித்தது. பூசாரி எல்லாவற்றையும் பார்த்தவர். அதற்கும் சேர்த்துத் திருநீறு போட்டார்.

வலது காது ஒழுங்காக முடிந்தது. இடது காதுக்குத் தட்டார் ஊசியை வைத்த நேரத்தில், பயம் தெரியாமல் இருக்க நான் மடியிலிருந்ததை நோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் அதன் வயர். மற்றக் கையால் அதன் சின்னப் பற்சக்கரத்தை வேகமாக ஒரு சுண்டு சுண்டினேன். சுள்ளென்று கையில் அடித்தது பாருங்கள்! துள்ளிவிட்டேன். ஊசி தன் பாட்டில் போய்விட்டது.

நான் அலறினேன். அம்மா அலறினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"கரண்டு அடிச்சிச்சா? நெசமாவா? எந்தக் கையில?"

"புள்ளைக்குக் காது கோணிப்போச்சி. ஒங்களுக்குக் கரண்டு கேக்குதா?"

அப்பாவின் காதில் அது விழவில்லை. "கரண்டு இருக்கு! கரண்டு இருக்கு!" என்று பூசாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அப்பா ஸ்பேனரோடு வந்தார். அம்மா விடவில்லை. "அது புள்ளைக்கு வந்த சீரு. புள்ளகிட்ட கேளுங்க." மச்சானிடம் இத்தனை வருசம் கேட்காத மனிதர், என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பூட்டிக்கவாடா?" என்று கேட்டார். முதல் சவாரியில் டாங்கியின் மேல் நான்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டு அதைக் கொடுத்தேன்.

வண்டி கிளம்பியபோது லயமே வெளியே வந்தது. கோவிலைச் சுற்றி வரப்போகிறோம் என்று நினைத்தேன். அப்பா நேராகப் பஜாருக்கு விட்டார். கம்யூனிகேஷன் கடை வாசலில், எஞ்சினை நிறுத்தாமல் வண்டியை நிறுத்தினார். இந்தியாவுக்குப் போன் போட்டு, "மச்சான், நான்தான்" என்றார். அவ்வளவுதான். ரிசீவரை வயர் எட்டும் வரைக்கும் இழுத்து எஞ்சின் பக்கம் நீட்டினார். "என்னா அண்ணே, கடைக்குள்ள பூரா பொக!" என்று கடைக்காரப் பையன் கத்தினான். அப்பா அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரிசீவரை என் காதில் வைத்தார், புண்ணில்லாத பக்கமாக.

"மருமகனா?" என்றது ஒரு கரகரத்த குரல். "ஒங்கப்பன்கிட்ட சொல்லு, பொறி கொஞ்சம் பிந்தி விழுது. டைமிங் முன்னால எடுக்கணும்."

சொன்னேன். அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். "பாத்தியா, அன்னைக்கும் இப்படித்தான். ஏதாவது கொற சொல்லாட்டி அந்த ஆளுக்குச் சோறு எறங்காது."

டைமிங் சரிசெய்வது அப்பாவுக்குப் பெரிய வேலை இல்லை. ஸ்டோரில் எத்தனையோ மெஷினைக் கையால் தொட்டே சரியாக்கியவர். ஆனால் மாதா மாதம் அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி ரிசீவரை நீட்டுவார். மாமா அதே குறையைச் சொல்வார். "பாக்குறேன் மச்சான், அடுத்த தடவ சரியா இருக்கும்" என்பார் அப்பா. ஒரு நாள் பொறுக்காமல், "ஸ்பேனர் கொண்டாரட்டுமாப்பா?" என்று கேட்டேன். "அது அப்படியே இருக்கட்டும்டா" என்றார்.

அவ்வளவு கெட்டிக்காரருக்கு அந்த ஒரு வேலை மட்டும் ஏன் வருவதில்லை என்று எனக்கு வெகுகாலம் விளங்கவே இல்லை.