பூட்டு மேடம்

அந்தக் கல்லூரியின் முதலாண்டுப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு மேடம். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அவள் அறைக்கு மெல்லிய பலகைக் கதவு, வெளியே பெஞ்சில் பேசுவதெல்லாம் உள்ளே அட்சரம் பிசகாமல் கேட்கும். மேடம் இன்றைக்கு என்ன மூடில் இருக்கிறார் என்று ஒருவன் கேட்பான். எப்போதும் இருக்கிற மூடுதான் என்று இன்னொருவன் சொல்வான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

பெயர் வந்த கதை இதுதான். அங்கே ஒவ்வொரு பருவத்துக்கும் மாணவர்களே தங்கள் பாடங்களைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இடம் குறைவு, முந்தியவருக்குக் கிடைக்கும். முதலாண்டுக்காரர்களை அப்படி அவிழ்த்துவிட முடியாது என்பதால் அவர்கள் கணக்கு பூட்டியே இருக்கும். அவளிடம் வந்து, எந்தப் பாடம், எந்த நேரம் என்று திட்டம் காட்டி, அவள் சரி பார்த்த பிறகுதான் பூட்டு திறக்கும். ஆலோசகர் என்று கதவில் பலகை தொங்கியது. வாட்ச்மேன் வேலை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் கையை வீசிக்கொண்டு வருவார்கள். என்ன எடுக்கப்போகிறாய் என்று கேட்டால், நீங்களே சொல்லுங்க மேடம் என்பார்கள். படித்து என்னவாகப் போகிறாய் என்று கேட்டால், அதையும் அவளே சொல்ல வேண்டும் என்பது போல் பார்ப்பார்கள். பாடங்களைத் திரையில் தெரியும் கூடையில் போட்டுவிட்டு, பதிவு முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் இன்னொரு ரகம். கூடையில் போட்டால் போதாது, பதிவு பொத்தானை அழுத்த வேண்டும் என்று கத்திக் கத்தி அவள் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இரண்டாவது திட்டம் ஒன்றும் கொண்டுவர வேண்டும் என்பது அவள் விதி. அதை யாரும் கொண்டுவந்ததில்லை.

இதில் அப்புறம் என்று ஒருவன். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்த்துக்கலாம் மேடம் என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை அவளிடம் வாங்கிக்கொண்டவன். வணிகம் படிக்கிறவன். நாலு முறை வெறுங்கையோடு வந்து, நாலு முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் அவளே போட்டுக்கொடுத்த திட்டத்தோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே போனான்.

வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு இதே புலம்பல். தக்காளி வாங்கப் போகும் கணவனிடம், தக்காளி கிடைக்காவிட்டால் என்ன வாங்குவீர்கள் என்று கேட்கும் அளவுக்கு முற்றிவிட்டது. அவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். "எங்கிட்ட வர்ற ஃபிரிட்ஜும்தான் நான் சொன்ன பேச்சைக் கேக்காது. அதுக்காக அதைத் திட்டிட்டா இருக்கேன்?" என்பான். ஃபிரிட்ஜ் திரும்பிப் பல்லைக் காட்டுவதில்லையே என்பாள் அவள்.

உண்மையைச் சொன்னால், திட்டாமல் அவளுக்கு வேலை ஓடாது. அவள் வேலையின் வரிசையே அப்படி அமைந்துபோனது. முதலில் கேள்வி, பிறகு திட்டு, பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு திட்டத்தைத் தேற்றுவது, கடைசியில் ஒரு பாட்டம் திட்டு. போய்த் தொலை என்று சொல்லும்போது கை தானாக மவுஸுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும். வருஷக்கணக்கில் பழகிய கை.

கோபம் முற்றிய ஒருநாள் அறிவிப்பு ஒன்றையும் எழுதிக் கதவில் ஒட்டினாள். பதிவு நாளில் திரையில் ஏதாவது பிழை வந்தால் உடனே இங்கே ஓடி வராதீர்கள், பொறுமையாக மறுபடி முயலுங்கள், பெரும்பாலும் தவறு உங்களுடையதாகத்தான் இருக்கும். கடைசி வரிக்கு அடிக்கோடு வேறு போட்டாள்.

அந்த அறிவிப்பை நின்று முழுதாகப் படித்தவள் ஒரே ஒருத்திதான். படித்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு திட்டங்களை மேஜைமேல் வைத்தாள். நர்ஸிங் பிரிவில் சேர வேண்டும் என்றாள். இரண்டாம் ஆண்டில் அதில் சேர வேண்டுமென்றால் உயிரியல் ஆய்வகத்தை இந்தப் பருவத்திலேயே எடுத்தாக வேண்டும், அதுவும் காலை வகுப்பாக இருக்க வேண்டும். அப்பா படுத்த படுக்கை, அம்மா மாலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார், அதற்குள் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். இரண்டாவது திட்டத்தில் ஆய்வகம் அடுத்த பருவத்துக்குப் போயிருந்தது. அப்படிப் போனால் நர்ஸிங்கும் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று அவளே ஓரத்தில் குறித்திருந்தாள்.

பூட்டு மேடத்துக்குக் கண் கலங்காத குறை. திருத்த ஒரு எழுத்து இல்லை, திட்ட ஒரு வார்த்தை இல்லை. "இந்த ரெண்டாவது உனக்குத் தேவையே படாதும்மா" என்றாள் பெருமையாக. எழுந்து நின்று வழியனுப்பினாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, இதோ போகிறாளே, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். அந்த சந்தோஷத்திலேயே அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பதிவு நாள் காலையில் அவள் அறை வழக்கம்போல் சந்தைக்கடை. கடவுச்சொல்லை மறந்தவன், இன்னொருத்தன் கணக்கில் நுழைந்தவன், கூடையோடு நின்றவன் என்று ஒருவர்பின் ஒருவராக ஓடி வந்தார்கள். அறிவிப்பாவது ஒன்றாவது. அவளும் கத்திக்கொண்டே எல்லோரையும் கரையேற்றினாள். கூட்டம் ஓய்ந்த பிறகு கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. அந்தப் பெண்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்க. லைப்ரரியில உக்காந்து காலையிலேர்ந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறேன். நான் எந்த இடத்துல தப்புப் பண்றேன்னு தெரியல."

பூட்டு மேடம் திரைப் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண்ணின் கணக்கை எடுத்துப் பார்த்தாள். பூட்டியபடியே இருந்தது. திட்டாமல் அனுப்பிய ஒரே பெண்ணுக்குத் திறக்காமலும் அனுப்பியிருந்தாள். உடனே திறந்தாள். காலை ஆய்வகம் நிரம்பிவிட்டது. மாலை வகுப்பில் மட்டும் வேண்டிய மட்டும் இடம் கிடந்தது.

ஆய்வக ஆசிரியரிடம் ஓடினாள். தப்பு என்னுடையது, ஒரே ஒரு இடம் கொடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் பிடி கொடுக்கவில்லை. மேஜைக்கு இத்தனை பேர் என்பது பாதுகாப்பு விதி, ஒருவருக்கு வளைத்தால் காத்திருக்கிற எல்லோருக்கும் வளைக்க வேண்டும் என்றார். ஆய்வகத்தில் இடம் பிடித்தவர்களின் பெயர்களை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டு வந்தவள் திகைத்தாள். அப்புறம்! வணிகம் படிக்கிறவனுக்கு உயிரியல் ஆய்வகத்தில் என்ன வேலை?

கேன்டீனில் பிடித்தாள். "நீங்கதானே மேடம், எதையாவது நேரத்துக்கு எடுடான்னீங்க? ஃப்ரெண்டு எடுத்ததையே நானும் எடுத்துட்டேன்" என்றான். அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது, முதல் முறையாக அப்புறம் என்று சொல்லாமல் அப்போதே போனை எடுத்து இடத்தை விட்டுக்கொடுத்தான். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடம் ஒரு நொடிகூடக் காலியாக நிற்கவில்லை. காத்திருப்போர் வரிசையில் முதலில் இருந்த யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. விதி என்றால் அப்படித்தான். அந்த விதியை வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னவளும் அவள்தான்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் அதே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பூட்டு மேடம் மறைக்கவில்லை. "தப்பு உன்னுடையது இல்லம்மா. நான் திறக்கல. மறந்துட்டேன்" என்றாள். அந்தப் பெண் கத்தியிருந்தால் தேவலை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருந்தாலும் தேவலை. அவள் பையிலிருந்து இரண்டாவது திட்டத்தை எடுத்தாள். "பரவால்ல மேடம். நீங்க சொன்னீங்கன்னு இதையும் கொண்டாந்தேன்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அன்றைக்கே மேலிடத்துக்குத் தன் தவறை எழுதிக் கொடுத்து, அந்தப் பெண்ணுக்கு ஒரு விலக்கு கேட்டாள் பூட்டு மேடம். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. ஒருநாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா? ரெண்டு திட்டாவது திட்டேன்" என்று கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்போதுதான் அழுதாள்.

கதவில் ஒட்டிய அறிவிப்பைக் கிழித்துப் போட்டாள். ஆள் உள்ளே வந்ததும் முதல் வேலையாகப் பூட்டைத் திறந்துவிடுவது, மற்றதெல்லாம் பிறகு என்று மாற்றிக்கொண்டாள். பூட்டு திறந்த பிறகு திட்டு வாங்க யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அந்த எரிச்சல் தனி.

அடுத்த பருவத்துக்கு அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பூட்டு மேடம் திட்டத்துக்காகக் கை நீட்டினாள். அவள் பையைத் திறக்கவில்லை.

"முதல்ல திறந்துடுங்க மேடம்."

"நீ உள்ள வரும்போதே திறந்துட்டேன்மா."

"ஸ்கிரீனை இந்தப் பக்கம் திருப்புங்க. நான் பாத்துக்கறேன்."

பூட்டு மேடம் திரையைத் திருப்பினாள். அந்தப் பெண் குனிந்து நிதானமாகப் படித்தாள், ஒரு முறைக்கு இரண்டு முறை. பிறகுதான் பையைத் திறந்தாள்.