எண்பத்தைந்துக்கு உள்ளே ஒரு சீசன்

இங்கே சட்னி அரைக்க வேண்டுமென்றால் முதலில் ஏசியை அணைக்க வேண்டும். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு விளங்காது என்பதால் கணக்கோடு சொல்கிறேன். நாங்கள் இப்போது தங்கியிருப்பது வீட்டில் அல்ல, ஆர்வி என்று இவர்கள் சொல்லும் வண்டியில். நீளம் இருபத்தாறு அடி, ஜன்னல் ஒன்பது, கட்டில் இரண்டு, கூரைமேல் ஏசி ஒன்றே ஒன்று. இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்துவதற்கென்றே உள்ள மைதானத்தில், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கரண்டுக் கம்பம் இருக்கிறது. அதிலிருந்து முப்பது ஆம்பியர் வரும். ஏசிக்குப் பதிமூன்று, கரண்டு அடுப்புக்குப் பன்னிரண்டு, ஃபிரிட்ஜுக்கும் மற்ற சில்லறைகளுக்கும் நான்கு. ஆக இருபத்தொன்பது. மிச்சம் ஒன்று. மிக்ஸிக்கு ஐந்து வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தேன். பாவூர்சத்திரத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் வேறு என்ன செய்வான்.

அரிசோனாவில் மகன் செந்தில் வீட்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. அதில் ஆறு ஜூன் மாதங்களை நானும் என் மனைவி கோமதியும் தென்காசியில்தான் கழித்தோம். இந்த வருடம் அவளுக்கு மூட்டில் அறுவை சிகிச்சை. ஆறு மாதத்துக்கு விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூன் பிறந்ததிலிருந்து அவள் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்ப்பாள். வெளியே நூற்றுப்பத்து டிகிரி. நம் கணக்குக்கு நாற்பத்து மூன்று. எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்த ஜூனை அவளுக்கு எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

தென்காசியில் ஜூன் என்றால் மின்விசிறிக்கு ஓய்வு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஊரையே கிழக்கே தள்ளும். நான் காலையில் பாவூர்சத்திரத்துக்குச் சைக்கிளில் போகும்போது பாதி தூரம் மிதிக்கவே மாட்டேன், காற்றே கொண்டுபோய் விடும். மாலையில் அதற்கு வட்டியும் முதலுமாக மிதிக்க வேண்டும். ஒரு முறை எண்ணிப் பார்த்தேன், காலையில் மிதித்ததைப்போல மூன்று மடங்கு. வீட்டுக்குள் நுழைந்தால் சட்டையில் ஈரம் இருக்கும். வேர்வை பாதி, சாரல் பாதி. அதே சட்டையோடு கோமதியைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் ஐந்தருவிக்கு பஸ் ஏறுவேன். எங்களுக்கு சீசன் என்றால் அதுதான். வேறு சீசன் உலகத்தில் இருக்கிறது என்று நான் நம்பியதில்லை.

அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது. மலையடிவாரத்தில் இப்படி வண்டி நிறுத்தும் மைதானம் ஒன்று, படத்தில் ஒரு அருவியும் இருந்தது. நானே ஃபோன் செய்து பேசினேன். எடுத்த பெண், “ஜூன் ஆஃப் சீசன், எத்தனை இடம் வேண்டுமானாலும் இருக்கிறது” என்றாள். இந்த நாட்டின் வெயில் எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் மலையும் அருவியும் இருக்கும் இடத்தில், ஜூன் மாதத்தில், சாரல் இல்லாமல் எப்படி இருக்கும்? பாவம், அவளுக்கு விவரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஐந்து நாளுக்குப் பதிவு செய்தேன். வந்து பார்த்தால் அருவி இருந்தது, தண்ணீர் இல்லை. அது மார்ச்சோடு நின்றுவிடுமாம். நாற்பது வண்டிகள் நிற்கும் மைதானத்தில் எங்களைச் சேர்த்து மூன்று.

வண்டியை ஓட்டிவந்த செந்தில் ஒரு நிபந்தனை போட்டான். “எப்பா, உள்ள எம்பத்தஞ்சத் தாண்டுச்சுன்னா வண்டியத் திருப்பிருவேன். அம்மா உடம்பு தாங்காது.” எண்பத்தைந்து என்றால் நம் கணக்குக்கு இருபத்தொன்பதரை. அன்றிலிருந்து தெர்மாமீட்டரும் நானுமாக இருந்தோம். ஒன்பது ஜன்னலுக்கும் பளபளக்கும் வெள்ளித்தாள் வெட்டி ஒட்டினேன். கூரையிலுள்ள காற்றுப் போக்கியில் தலையணையைத் திணித்தேன். ஏசியின் வடிகட்டியைக் கழற்றி அலசினேன். மூன்று வாளித் தண்ணீர் செம்மண்ணாகப் போனது. பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் துணிப்பந்தலை மேற்கு வெயிலுக்கு மறைப்பாக வரும்படி, வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். இத்தனைக்கும் பிறகு எண்பத்து நான்கு. ஒரு டிகிரி லாபம்.

இரண்டாம் நாள் பிற்பகல் அது பறிபோனது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்க, கோமதி மிக்ஸியைத் தட்டினாள். ஏசி, அடுப்பு, விளக்கு எல்லாம் ஒரே மூச்சில் நின்றன.

“ஏளா, தாள்ல எழுதி ஒட்டிருக்கம்லா?”

“ஒங்க தாளத் தொட்டுக்கிட்டு இட்லி திம்பியளோ?” என்றாள் கோமதி.

கம்பத்தில் சுவிட்சைத் தூக்கிவிட்டாலும் ஏசியை உடனே போடக்கூடாது, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் எண்பத்தாறு ஆகிவிட்டது. செந்தில் சாவியை எடுத்தான். “எப்பா, போதும். கெளம்புவோம்.” கோமதி மடித்து வைத்திருந்த சேலைகளை எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

எங்கள் ஏசிச் சத்தம் நின்றதைக் கேட்டு, பக்கத்து வண்டி பார்பரா வந்தார். எழுபது வயதுக்குமேல் இருக்கும். தனியாக வண்டி ஓட்டி ஊர் சுற்றுகிறவர். வாசலில் நின்றபடி எங்கள் பந்தலை மேலும் கீழும் பார்த்துவிட்டு கோமதியிடம் கேட்டார்: “டோன்ட் யூ ஹேவ் எ மிஸ்டர்?”

கோமதிக்கு முகம் சிவந்துவிட்டது. தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டி, அதே விரலால் என்னையும் காட்டினாள். “ஹியர் ஒன்லி. ஃபார்ட்டி எய்ட் இயர்ஸ்.”

பார்பரா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவர் உங்களைக் குளிரவைக்க மாட்டாரே என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுத் தன் வண்டிக்குப் போய், சுருட்டிய மெல்லிய குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் பித்தளை மூக்குகள், எண்ணினேன், பன்னிரண்டு. பந்தலின் விளிம்பில் கட்டி, ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயில் மாட்டித் திருகினார். பன்னிரண்டு மூக்கிலிருந்தும் புகைபோலத் தண்ணீர்த் தூள் இறங்கியது. மிஸ்ட் என்றால் மூடுபனி; அதைத் தூவும் இந்தக் குழாய்க்குப் பெயர்தான் மிஸ்டராம். ஏழு வருடத்தில் எனக்கே தெரியவில்லை, கோமதியைச் சொல்லி என்ன.

பந்தலின் கீழே இருந்த அனல் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த ஊர்க் காற்றில் ஈரமே கிடையாது; அந்தத் தூளை அப்படியே குடித்துவிட்டுக் குளிரைத் திருப்பித் தருகிறது. ஏசியைப் போட்டேன். அடுப்பை வெளியே, தூள் படாத ஓரத்துக்கு மாற்றினேன். செந்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தெர்மாமீட்டர் பக்கத்தில் நின்றான். எண்பத்தாறு, எண்பத்தைந்து, எண்பத்து நான்கு. எண்பத்து மூன்றில் நான் அவனிடம் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டான்.

கோமதி கைத்தடியை ஊன்றி மூன்று படி இறங்கி வந்து பந்தலின் கீழ் நின்றாள். முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். “என்னளா, சாரல் மாதிரி இருக்கா?” என்றேன்.

“சாரல்லாம் இல்ல. சேல நனைய மாட்டேங்கு.” கண்ணைத் திறந்து, “ஆனா நல்லாத்தான் இருக்கு. ஒங்களவிட இந்த மிஸ்டரு தேவல” என்றாள். பைக்குள் வைத்த சேலைகளை மறுபடியும் வெளியே எடுத்து வைத்தது செந்தில்தான்.

மாலை ஆறரைக்குப் பந்தலின் கீழே உட்கார்ந்து அவளே தங்கைக்கு வீடியோவில் கூப்பிட்டாள். குற்றாலத்தில் அப்போது காலை ஏழு. தங்கை மகேஸ்வரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்; பின்னால் சாரலில் மலையே தெரியவில்லை. “யக்கா, காத்து ஆளத் தள்ளுது. சீசன் நல்லாருக்கு” என்றவள், திரையை உற்றுப் பார்த்தாள். “ஏ, அங்கனயும் சாரலா விழுது?”

“ஆமா,” என்றாள் கோமதி, என்னைப் பார்க்காமலே. “இங்கனயும் சீசன்தான். ஒங்க அத்தான்தான் புக் பண்ணுனாவ.”

ஃபோனை வாங்கிப் பிடித்தேன். அதன் கண்ணாடி முழுக்கத் துளிகள். வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன். பதினேழு வரை வந்ததும் விரலால் துடைத்துப் பார்த்தேன். சில துளிகள் போயின, சில போகவில்லை. அவை மகேஸ்வரியின் ஃபோன் கேமராமேல் குற்றாலத்தில் விழுந்தவை. அதற்குள் புதிதாகச் சில வந்து ஒட்டிக்கொண்டன. எந்தத் துளி எந்த ஊருடையது என்று பிரிக்க முடியாமல், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கணக்கைப் பாதியில் விட்டேன்.