காட்டமாட்டோம் என்று சொன்னது

சங்கமித்ரா திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தாள். உள்ளே வரும் பெட்டிகளின் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. பி.காம். படித்திருந்தாள். கப்பல் ஏஜென்ட் அலுவலகம் எதிலாவது டாக்குமென்டேஷனில் நுழைந்துவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தாள். போன இடங்களில் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். நன்றாகவே பதில் சொன்னாள். பிறகு எந்த ஏரியா என்று கேட்டார்கள். வியாசர்பாடி என்றாள். அதற்குமேல் கேட்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. லெட்டர் போடுகிறோம் என்றார்கள்.

2009இல், வேலை தேடுகிறவர்களும் கொடுக்கிறவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இன்டர்நெட் தளம் ஒன்றைப் பற்றி யார்டில் பேச்சு அடிபட்டது. அங்கே ஊர் சென்னை என்று போட்டால் போதுமாம், ஏரியா வேண்டாமாம். பழைய வண்ணாரப்பேட்டையில் சுஹைப் பாய் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தாள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஏற்றி முடித்தபிறகு கடைசியில் ஒரு கேள்வி வந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவரா? ஆம், இல்லை, சொல்ல விருப்பமில்லை. கீழே பொடி எழுத்தில் விளக்கம். விருப்பமிருந்தால் மட்டும் பதில் தரலாம். வேலை கொடுப்பவர்களுக்கு இதைக் காட்டமாட்டோம். எல்லாருக்கும் வாய்ப்பு ஒரே மாதிரி போய்ச் சேருகிறதா என்று மொத்தமாகக் கணக்குப் பார்க்க மட்டும்தான்.

அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். இந்தக் கேள்வி அவளிடம் இரண்டு விதமாகத்தான் வந்திருக்கிறது. அரசாங்கம் நேராகக் கேட்கும். தாசில்தார் கையெழுத்தோடு பதில் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். பதில் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வார்கள். சொன்னால் சலுகை இல்லை, சொல்லாவிட்டால் நஷ்டம் இல்லை என்கிற இது எந்த வகை என்று பிடிபடவில்லை. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்பா பக்தவச்சலம் துறைமுகத்தில் சுமை இறக்குகிறவர். மகளுக்குப் புத்தமதப் பெயர் வைத்ததே எங்கேயும் ஒளியக் கூடாது என்றுதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கேட்டா சொல்லு. கேக்காதவன் வூட்டுக் கதவ எதுக்குத் தட்டற?" என்றார். இந்தத் தளத்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் ஆம் என்பதில் அமுக்கினாள்.

சுஹைப் பாய் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆமான்னு போட்டா ஆச்சா? சர்ட்டிபிகேட் வெக்கலன்னா எவன் வேணா ஆமான்னு போட்டுக்கினு பூடுவாம்மா."

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் எங்கேயும் வெறும் வாய்வார்த்தை செல்லுபடியானதில்லை. சாதிச் சான்றிதழை லேமினேட் செய்து எப்போதும் பையில் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். பாய் ஸ்கேன் செய்தார். அந்தத் தளத்தில் படம் ஏற்ற ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே ஏற்றினார்.

அடுத்த வாரம் வந்து திறந்தபோது, மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் அவளுடைய சான்றிதழ் இருந்தது. அவர்கள் யாருக்கும் காட்டமாட்டோம் என்றதை அவளே எல்லாருக்கும் காட்டியிருந்தாள்.

"பாய், இது மூஞ்சி வெக்கற எடம் பாய்."

"எனுக்கு இன்னா தெரியும்? கட்டம் காலியா கீதேன்னு வெச்சேன்."

சிலர் பக்கத்தைப் பார்த்திருப்பதாகத் தளம் சொன்னது. யார் என்று சொல்லவில்லை. எண்ணூரில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி மெயிலும் வந்திருந்தது. சான்றிதழை எடுத்துவிடட்டுமா என்று பாய் கேட்டார். எடுத்தால் கெடுமா, இருந்தால் கெடுமா? அவள் முடிவு செய்வதற்குள் பாயே எடுத்துவிட்டார்.

எண்ணூரில் மேனேஜர் டெலிவரி ஆர்டர் பற்றியும் கஸ்டம்ஸ் பேப்பர்கள் பற்றியும் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு எந்த ஏரியா என்ற கேள்விக்காகக் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. ஒன்றாம் தேதி வந்துவிடுங்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது சந்தோஷப்பட முயன்றாள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று விட்டாரா, தெரிந்ததால் விட்டாரா? வேலை தெரிந்ததற்காக எடுத்தார்களா, அந்தச் சான்றிதழுக்காகவா?

சேர்ந்த பிறகு, ஆட்களைத் தேர்ந்து அழைக்கிற ஹில்டாவிடம் சாப்பாட்டு நேரத்தில் மெல்லக் கேட்டாள். அந்த ஆம், இல்லை எல்லாம் தங்களுக்கு வரவே வராது, தளத்துக்காரர்களே வைத்துக்கொள்வார்கள் என்றாள் ஹில்டா. படத்தைப் பார்த்தாயா என்றாள் சங்கமித்ரா.

"ஏதோ ரேஷன் கார்டு மாதிரி சின்னதா இருந்துச்சு. போட்டோ வெக்க பயந்துகினு நெறைய பொண்ணுங்க பூ, மாதான்னு எதையாவது வெக்கிறாங்க இல்ல? அதுன்னு நெனச்சேன். பெருசு பண்ணிப் பாக்கல."

"சார்?"

"சார் பாத்தாரான்னு எனக்கு இன்னா தெரியும்? போய் அவரையே கேளு."

ஆம் என்றவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று அந்தத் தளம் எங்கோ கூட்டிப் பார்க்கும். அந்தக் கூட்டலில் அவளும் இருப்பாள். அவளுக்கு ஏன் கிடைத்தது என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனாள். வாங்கிய பிறகும் நின்றாள். அவர் நிமிர்ந்தார்.

"இன்டர்வியூல எந்த ஏரியான்னு நீங்க கேக்கவே இல்லியே சார்."

அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, வேன் வேணுமா? எந்த ஏரியா நீங்க?" என்றார்.

"வியாசர்பாடி."

"மூலக்கடை வரைக்கும் வந்தா வேன்ல ஏறிக்கலாம். டிரைவர்கிட்ட சொல்லிடறேன்."

சரி சார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். முன்பே தெரிந்தவர் மாதிரியும் இருந்தார். இப்போதுதான் கேட்டவர் மாதிரியும் இருந்தார்.