வேலிக்கு வெளியே திராட்சை அக்கா

தொலைநோக்கியைக் கண்ணில் வைத்ததும் அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வார். துறைமுகத்துக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், கன்டெய்னர் அடுக்கின் கீழ்வரிசையில் மூன்றாவதாக நிற்கிறது அவருடைய குளிர்பெட்டி. அதன் ஓரத்தில், உள்ளே எத்தனை டிகிரி குளிர் என்று காட்டும் ஓர் எண் கடுகளவுக்கு மினுங்கும். அது தெரிந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். "பூஜ்யம்தான்! சமத்தா இரு கண்ணு, சாயங்காலம் வந்து பாக்கறேன்." பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் தயங்கும் தாயைப்போல இன்னும் சற்று நின்றுவிட்டுத்தான் நகர்வார்.

வயது ஐம்பத்து மூன்று. தொழில் திராட்சை ஏற்றுமதி. ரயில் பாதையோரத் தகரக் கொட்டகையில் நாற்பது பெண்கள் கொத்துகளைக் கத்தரித்து அட்டைப்பெட்டிகளில் அடுக்க, அவர்களுக்கு நடுவே பேசிக்கொண்டே நடப்பார். அவர் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குப் போனே தேவையில்லை என்பது கணவரின் கட்சி. லோடு வந்ததும் ஒரு பழத்தை எடுத்து, கண்ணை மூடி, ஒற்றைக் காலில் நின்று தின்பார். கேட்டால், "ரெண்டு காலையும் ஊனினா எனக்கு ருசி பிடிபடாதுப்பா" என்பார். இதற்கு மேல் அவரிடம் விளக்கம் கேட்டுப் பயனில்லை.

இந்தப் பருவத்தின் கடைசி லோடு துறைமுகத்துக்குள் நுழைந்த அன்றே வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. பன்னிரண்டு நாளைக்குள் கப்பல் ஏறாவிட்டால் கடலுக்கு அப்பால் இருக்கும் வியாபாரி பழத்தை வாங்கமாட்டார். அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அப்புறம் நாற்பது பெண்களுக்கும் கொட்டகையில் என்ன வேலை?

முதல் நாள் அக்கா சண்டைக்குத்தான் போனார். "யாருய்யா இங்க பெரியவரு?" என்று துறைமுக வாசலில் தொழிலாளர்கள் போட்டிருந்த பந்தலில் அவர் போட்ட சத்தத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சங்கச் செயலாளர் கிரேன் ஓட்டுபவர். ஒல்லி, அதிர்ந்து பேசாதவர். முதலில் ஒரு நாற்காலியைப் போட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். கப்பல் தளத்தில் பெட்டிகளை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்ட எப்போதும் இரண்டிரண்டு பேர். துறைமுகத்தை நடத்தும் கம்பெனி அதை ஒருவராகக் குறைத்தது. போன மாதம் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு, பார்க்க ஆளில்லாமல் அரைமணி நேரம் கிடந்தார்.

"அடப்பாவமே" என்றார் அக்கா. "அது சரி, என் பழம்?"

"குளிர்பெட்டிக்கு மட்டும் கரன்டை நிறுத்தலக்கா. அதைப் பாத்துக்க ஆள் விட்டிருக்கோம். பழம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்த ஒரு வார்த்தையில் அக்கா விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் வந்தார். வேலியோரத்தில் நிழல் அந்தப் பந்தலில் மட்டும்தான் என்பது அவர் சொல்லும் காரணம்.

ஏழாம் நாள் கோஷம் போடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நகருங்க தம்பி, கேக்க முடியல" என்று அக்கா எழுந்தார். அன்று எழுந்த கோஷம் கப்பல் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் முஷ்டியை உயர்த்தியபடி முதல் வரிசையில் அக்கா! ஏற்றுமதியாளர் சங்கத் தலைவர் போனில் குதித்தார்.

"நீங்க எந்தக் கட்சிம்மா?"

"திராட்சைக் கட்சி. வாய் சும்மா இருக்கலங்க, என்ன பண்றது?"

விளக்கம் கேட்கக் கூட்டம் போட்டார்கள். ஏர்கண்டிஷன் அறையில் முப்பது முகங்கள், முப்பதும் கடுகடு. அக்கா உட்காரவே இல்லை. "நம்ம யாராச்சும் ஒரு நாள் அங்க போய், என்னதான் கேக்கறீங்கன்னு கேட்டோமா? கட்டறதுக்கு ரெண்டாவது ஆள் கேக்கறாங்க. கட்டு நழுவினா கடல்ல விழறது யார் பெட்டி? கம்பெனிக்காரன் பெட்டியா? அவங்களுக்கு முன்னாடி நாமல்ல பந்தல் போட்டிருக்கணும்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அன்றே ஏற்றுமதியாளர்களும் அதே கோரிக்கையில் கையெழுத்திட்டுக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அதனால்தான் எல்லாம் முடிந்தது என்று சொன்னால் அது அளப்பு. வேறு பேச்சுகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் பதினோராம் நாள் இரண்டாவது ஆளுக்குக் கம்பெனி சம்மதித்தது, வாசல் திறந்தது. பந்தலில் இருந்தவர்கள் அக்காவை நாற்காலியோடு தூக்கப் பார்த்து, முடியாமல், நாற்காலியை மட்டும் தூக்கினார்கள். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அன்று பிற்பகல் கொட்டகைப் பெண்களெல்லாம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் கிரேன் கூண்டில் இருந்தார். "அதோ, நம்ம பெட்டி!" என்று கணவர் கத்தினார். பெட்டி ஆடி அசைந்து மேலே போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கை தட்டினார்கள்.

அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு மேல் கையைக் குடையாக வைத்து, கப்பல் தளத்தில் கம்பியோடு காத்திருந்த மஞ்சள் தொப்பிகளை இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு கிரேன் கூண்டைப் பார்த்து, கை எட்டிய உயரத்துக்கு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.