கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

கணினி சொன்னபடி கேட்காவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தலையில் ஒரு தட்டு, வாயில் ஒரு வசவு, அவ்வளவுதானே? மன்னார்குடியில் பிரவுசிங் சென்டர் நடத்தும் இசைவாணி, பின்னலில் செருகிய பேனாவை உருவிக்கொண்டு மூன்று கேள்வி கேட்பாள். "என்ன அமுக்குனீங்க? என்ன வரும்னு நெனச்சீங்க? என்ன வந்துச்சு?"

துபாயில் இருக்கும் மகனை வெப்கேமில் பார்க்க வந்த ரஹ்மத் பீவி ஒருமுறை சொன்ன பதில்: "அமுக்குனது இந்தப் பொத்தான். வரும்னு நெனச்சது எம்புள்ள. வந்தது அவன் ரூம் ஃபேனு."

"இது புரோகிராம் தப்பு இல்லம்மா, ஒங்க புள்ள தப்பு. கேமராவ நேரா வைக்கச் சொல்லுங்க."

புரோகிராமின் தப்பாக இருந்தால் அதை எழுதியவர்களுக்கு அன்றே கடிதம் போய்விடும். மின்வாரியத்துக்கும் அதே பாணிதான்: "சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் வருமென்று நினைத்தேன். இருட்டு வந்தது."

அவள் கடையில் ஓடுவதெல்லாம் திறந்த மூல மென்பொருள். உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் கொடுக்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் பல நாடுகளிலிருந்து கூடிச் செய்கிற வேலை. சம்பளம் கிடையாது. பாதி ஆயுளைப் பிறர் வயலில் நடவு நட்டே கழித்த தாய் அம்சவல்லிக்கு இது பொறுக்காது.

"ஊரு ஒலகத்துக்குச் சும்மா ஒழைக்கிறியே, ஒருத்தன் ஒரு படி நெல்லு தருவானா?"

"வாய்க்கால் தூர் வாரப் போனியே, யாரு ஒனக்குப் படி அளந்தா? வாரலன்னா நம்ம கடைமடைக்குத் தண்ணி வந்திருக்குமா?"

அம்சவல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோற்றுவிட்டாள் என்று அர்த்தம்.

சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன பையன்கள் சேர்ந்து, இவர்கள் தெருவில் ஒரு படிப்பகம் கட்டினார்கள். புத்தகக் கணக்குக்கு இசைவாணி ஒரு திறந்த மூல மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகளைச் சேர்க்கும்போதுதான் வந்தது வினை. பெயருக்குப் பக்கத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாவிட்டால் புத்தகம் எடுக்கும் அட்டை வராது. பொறுப்பாளர் செல்லதுரை நான்காம் வகுப்பு வேம்புவிடம், "ஒங்க குடும்பத்துக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில் சாதியைச் சொன்னாள்.

எந்தப் பெயரைச் சொல்லி நூறு தலைமுறையை வாசலில் நிறுத்தினார்களோ, அந்தப் பெயரைப் படிப்பகத்துக்குள்ளும் ஓர் இயந்திரம் கேட்கிறது!

"அப்பன் பேரப் போட்டு ஒப்பேத்துவோம்மா" என்றார் செல்லதுரை.

"நாம ஒப்பேத்திடுவோம் மாமா. அடுத்த ஊர்ல இந்தக் கட்டத்துல என்ன எழுதுவாங்க?"

மென்பொருள்காரர்களுக்கு எழுதினாள். "ஒரு புள்ளி வைத்துவிடுங்களேன்" என்று பதில் வந்தது. "எங்க புள்ளைங்க புள்ளி வச்சு நிரப்புற ஆளுங்களா?" என்று கொதித்தவள், தானே திருத்த உட்கார்ந்தாள். கோபத்தில் அந்தக் கட்டத்தையே பிடுங்கி எறிந்துவிட்டு அனுப்பினாள். மறுத்துவிட்டார்கள். குடும்பப் பெயரால்தான் பிரேசிலில் ஒரு நூலகர் தம் வாசகர்களை வரிசைப்படுத்துகிறாராம். "எனக்கு வேணாம்னா அவருக்கும் வேணாம்னு நெனச்சுட்டேன் பாருங்க" என்று செல்லதுரையிடம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் படிப்பகம் திறந்துவிட்டது. அட்டை இல்லாததால் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. "ஒரு கட்டத்துக்காகப் புள்ளைங்கள ஏங்க வைக்கிறியே" என்று செல்லதுரை குத்திக்காட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் வேம்பு கடை வாசலில் வந்து நிற்பாள். "இன்னிக்காச்சும் வந்துச்சாக்கா?"

விரும்பினால் நிரப்பலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று மாற்றி மறுபடி அனுப்பினாள். ஜாவாத் தீவிலிருந்து, யாரென்றே தெரியாத ஒருவர் அதை ஆதரித்து எழுதினார்: "எனக்கும் ஒரே பெயர்தான்." திருத்தம் மென்பொருளில் ஏறியது.

வேம்பு தன் பெயரைத் தானே தட்டினாள். அடுத்த கட்டம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். இசைவாணி பேனாவைப் பின்னலில் செருகிக்கொண்டாள். சிறுமி அதைக் காலியாகவே விட்டு என்டரை அமுக்கினாள். அட்டை வந்தது.

உங்களிடமும் ஏதாவது ஒரு கட்டம் கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கும். நீங்களும் முனகிக்கொண்டே நிரப்பியிருப்பீர்கள். அவளிடம் போய்ச் சொல்லுங்கள். மூன்று கேள்வி கேட்பாள். பிறகு கீபோர்டை உங்கள் பக்கம் திருப்பி வைப்பாள்.

எழுதுங்கள்.