முப்பது துண்டுக் காகிதப் பந்து

கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் விசாவுக்காகக் காத்திருந்த போர்க்காலம் அது. பொழுது போகாமல் காகிதம் மடித்துக்கொண்டிருந்தபோது, பசையில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஒரு மடிப்பைக் கண்டுபிடித்தேன். முப்பது துண்டு சேர்த்தால் ஒரு பந்து. எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் பக்கத்து அறையில் இருந்த வவுனியாப் பிள்ளை சுபாவின் ஜன்னலில் அதே பந்து தொங்கியது.

“என்ரையைப் பாத்துத்தானே மடிச்சனீர்?”

“இல்லை அக்கா. பள்ளிக்கூடத்தில படிக்கேக்கையே மடிச்சனான்.”

“கள்ளி” என்றேன். பிறகு அவளோடு கதைக்கவில்லை.

அடுத்த கிழமை பொலிஸார் லொட்ஜைச் சோதனை போட்டு, பொறுப்புச் சொல்ல ஆளில்லாத தமிழரைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாக் கடிதம் காட்டிய என்னை விட்டுவிட்டார்கள். சுபா என்னைக் கைகாட்டி, “அந்த அக்காவுக்கு என்னைத் தெரியும்” என்றாள். இவளைத் தெரியுமா என்று அதிகாரி சிங்களத்தில் என்னிடம் கேட்டார். “தெரியாது” என்றேன்.

பஸ் போன பின் அவளுடைய பந்தில் ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தேன். பள்ளிக் கொப்பித் தாள். ஆசிரியர் சிவப்பு மையில் இட்ட திகதி, நான் மடிக்கத் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முந்தியது.

அவளை எங்கே இறக்கிவிட்டார்கள் என்று பலரிடம் விசாரித்தேன். அன்று நான் சொன்ன பதிலையே எல்லோரும் எனக்குச் சொன்னார்கள்.